ஜனவரியில் விலை இறங்கும்

மொம்பாசா துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றில் முசெம்பி குமாஸ்தாவாக இருந்தார். ஆபீசில் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. ஜனவரி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கார் வாங்க நினைத்த எவனும், கூட வேலை செய்பவனானாலும் சரி, சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருபவனானாலும் சரி, முதலில் அவரிடம் வந்துதான் நிற்பான்.

"கிறிஸ்துமஸ் போகட்டும்ப்பா," என்பார். "டிசம்பர்ல எல்லார் கையிலயும் காசு ஓடும். கார் வச்சிருக்கவன் ராஜா மாதிரி உக்காந்திருப்பான். ஜனவரி பொறந்து பள்ளிக்கூடம் தொறக்கட்டும். ஃபீஸ் கட்டணும், யூனிஃபார்ம் எடுக்கணும், பண்டிகையில பண்ணின கூத்துக்கெல்லாம் பதில் சொல்லணும். அந்த ராஜாவே உன் வீட்டு வாசலுக்கு நடந்து வருவான்."

அவர் சொன்னபடிதான் நடக்கும். பேரம் பேசவும் அவரையே கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் அங்கே அதிகம் பேச மாட்டார். விலையைக் கேட்பார், காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், பிறகு வாயை மூடிக்கொள்வார். விற்கிறவனுக்கு அந்த அமைதி தாங்காது. அவனாகவே இறங்கி வருவான். முடிந்ததும் வாங்கியவர்கள் முசெம்பிக்கு ஒரு கோழி பிரியாணி வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் அவர் எதுவும் எதிர்பார்த்ததில்லை.

இத்தனை பேருக்குக் கார் வாங்கிக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று வாங்கவில்லை. அடுத்த வருஷம் வரி குறையும் என்பார். டாலர் கொஞ்சம் இறங்கட்டும் என்பார். மசேராஸ் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு எழும்பாததும் இதே கதைதான், சிமெண்ட் விலை இறங்கவேண்டியிருந்தது. மிகிண்டானியில் இரண்டு அறை வாடகை வீட்டிலேயே அவருக்கும் மினாயோவுக்கும் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் மும்புவா வளர்ந்து நைரோபியில் காலேஜுக்கும் போய்விட்டாள்.

மினாயோ சாங்கம்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேற்கே, விஹிகா பக்கத்துப் பெண். செப்டம்பரில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு மக்காச்சோள மாவில் உகாலி கிண்டிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"மும்புவா அப்பா, நான் ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன்."

"யாரு, நீயா?"

"சங்கத்துல லோன் குடுக்குறாங்க. என் பேர்ல, என் சம்பளத்துல. நீங்க பாத்து வாங்கித் தரணும்."

முசெம்பிக்கு அந்த நேரம் வந்தது சந்தோஷம்தான். ஊரே தன்னைக் கேட்கிறது, இவள் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

"வாங்கலாம். ஆனா இப்ப வேணாம். ஜனவரி வரைக்கும் பொறு. இப்ப ஆறு லட்சத்துக்குப் போறது அப்ப அஞ்சுக்கு வரும்."

"சரி," என்றாள் மினாயோ.

பொறு என்றால் அவள் முகம் வாடும், அல்லது பாத்திரத்தை ஓசையோடு வைப்பாள். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. வேறொரு மனிதனாக இருந்தால் அந்தச் சரியை நினைத்து யோசித்திருப்பான். முசெம்பி இன்னொரு கரண்டி கீரை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் கார் பார்க்கப் போனார்கள். வாங்குவதற்கு அல்ல, சும்மா கண்ணைப் பழக்குவதற்கு என்று அவர்தான் சொன்னார். ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய கார்கள் வெயிலில் வரிசையாக நிற்கும் விற்பனை முற்றங்களுக்குள் அவளை அழைத்துக்கொண்டு நடப்பார். துரு எங்கே பிடிக்கும், டயர் எந்தப் பக்கம் தேய்ந்தால் என்ன அர்த்தம் என்றெல்லாம் குனிந்து காட்டுவார். அவள் நிஜமாகவே கேட்டுக்கொண்டாள், கேள்வியும் கேட்டாள். ஒருமுறை ஒரு விற்பனைக்காரன், "அம்மா, இது ஒரு டீச்சரம்மா ஓட்டின வண்டி, சர்ச்சுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போச்சு," என்றான். மினாயோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சர்ச்சு உகாண்டாவுல இருக்கா? ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கே," என்றாள். முசெம்பி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அவள் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவிய மரவள்ளிச் சிப்ஸ் தின்பார்கள். இளநீர் குடிப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சுற்றியதில்லை. அப்போது மத்தாத்து வேனுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷமாக ஊமையாகக் கிடந்த வீடு அது. அதனால்தான் அவருக்கு இது இவ்வளவு இனித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் வாரம். மினாயோவின் தங்கை அயூமா மார்பில் கட்டி வந்து, ஊரில் படுக்கையில் கிடந்தாள். "உங்களத்தான் கேக்குறா, வந்துட்டுப் போங்க," என்று அயூமாவின் புருஷன் போன் செய்தான். மினாயோ பையை எடுத்து வைத்துவிட்டாள். மொம்பாசாவிலிருந்து மேற்கே போகிற பஸ்கள் எல்லாம் பண்டிகைக்கு ஊர் போகிறவர்களால் நிரம்பி வழிந்தன. டிக்கெட் மூன்று மடங்கு.

"நாலு நாள் பொறு," என்றார் முசெம்பி. "புது வருஷம் தாண்டிட்டா கூட்டம் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் போற பஸ் காலியா ஓடும். பாதி விலைக்குக் கூவிக் கூவி ஏத்துவான்."

கணக்கில் தப்பே இல்லை. மினாயோவும் பையைப் பிரிக்காமல் கதவோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அயூமா புது வருஷத்தைப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு இருவரும் அதே மூன்று மடங்கு டிக்கெட்டில்தான் போனார்கள். வழி நெடுக மினாயோ ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. குழிக்குள் மண் விழுந்தபோது அயூமாவின் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்த டிக்கெட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொஞ்ச காலம் முசெம்பி அந்த வார்த்தைக்குப் பயந்துகொண்டிருந்தார். அது வராமலே போகவும், சொல்வதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மெல்ல மெல்ல நம்பிக்கொண்டார்.

நவம்பரில் மினாயோ டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆஸ்பத்திரி வண்டியைக் கேட்டு வாங்கி டூட்டி முடிந்ததும் பழகினாள். முசெம்பி இன்னும் வாங்காத காருக்குக் கால்மிதி நான்கு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். தள்ளுபடியில் கிடைத்ததாம்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு நம்ம கார்லயே உங்க ஊருக்குப் போறோம்," என்றார். "எந்த பஸ்காரன் கால்லயும் விழவேண்டியதில்ல."

மினாயோ அந்தக் கால்மிதிகளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

டிசம்பர் லீவுக்கு மும்புவா வந்திருந்தாள். வழக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவள், அந்தத் தடவை அப்பாவின் சட்டைகளை இஸ்திரி போட்டாள், தேங்காய்ப்பாலில் துவரை எப்படி வேக வைப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். "நீங்களே செஞ்சு பாருங்கப்பா, நான் நிக்கிறேன்," என்றாள். பஸ் ஏறும்போது அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெண் வளர்ந்துவிட்டாள், பாசம் வந்துவிட்டது என்று முசெம்பி ஆபீசில் பெருமையாகச் சொன்னார்.

ஜனவரி வந்தது. மிட்வாபாவில் கரிசா என்றொருவரிடம் சாம்பல் நிறத்தில் சின்ன ஜப்பான் கார் ஒன்று இருந்தது. அவர் கடற்கரை ஹோட்டலில் சமையல்காரர். கார் சுத்தமான கார். டிசம்பரில் ஆறு லட்சத்து இருபதாயிரம் ஷில்லிங் என்றவர், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் தானே போன் செய்து ஐந்து எண்பது என்றார். முசெம்பி பிடி கொடுக்கவில்லை. அடுத்த போனில் ஐந்து நாற்பது. "பழுத்துடுச்சு," என்றார் மனைவியிடம். "இந்தச் சனிக்கிழமை பறிச்சுடலாம்."

சனிக்கிழமை காலை மத்தாத்து பிடித்து, பாலம் தாண்டி மிட்வாபாவில் இறங்கினார்கள். கரிசா வீட்டுக்குப் போகும் மண்பாதை முனையில் ஒரு வேப்ப மரத்தடியில் டீக்கடை இருந்தது. "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்," என்றாள் மினாயோ. மஹம்ரி பணியாரமும் டீயும் வந்தன. அவள் பணியாரத்தைத் தொடவில்லை.

"மும்புவா அப்பா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சொல்லாம உங்கள வெல பேச விட்டா அது துரோகம்."

"என்ன, கலர் புடிக்கலையா?"

"எனக்கு விஹிகாவுக்கு மாத்தல் வந்திருக்கு. இந்தக் காருல நான் போகப் போறேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

மினாயோ அவரைப் பார்த்தாள். "திரும்பி வரமாட்டேன்."

முசெம்பி கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கோல்கீப்பரைக் கண்டபடி திட்டினான்.

"மாத்தல் எப்ப கேட்ட?"

"ஆகஸ்ட்ல."

"கார் வாங்கணும்னு செப்டம்பர்ல என்கிட்ட வந்து நின்னியே. அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் வாயைத் திறந்தார். வரவிருந்த 'பொறு' என்ற வார்த்தை அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. மூடிக்கொண்டார்.

"அயூமாவாலயா?" என்றார் கடைசியில்.

"ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் அவ பேரச் சொல்றீங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க பொய்யா ஒண்ணும் சொல்லல. டிக்கெட்டு அப்படித்தான் வித்துச்சு. நானும் சரின்னு உக்காந்துட்டேன் பாருங்க, அத என்னால தாங்க முடியல. நான் சம்பாதிக்கிறவ. என் காசு என் பையில இருந்துச்சு. எழுந்து போயிருக்கலாம். உங்க மேல கோவம்னா சண்ட போட்டு முடிச்சிருப்பேன். உங்க பக்கத்துல உக்காந்தாலே அன்னைக்கு உக்காந்திருந்த மாதிரி இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அயூமாவோட புள்ளைங்களுக்காகவா?"

"அவங்களையும்தான் பாத்துக்கணும். அவங்கப்பன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

முசெம்பி பணியாரத்தைப் பிய்த்தார், தின்னவில்லை. "சனிக்கிழமையெல்லாம் சிரிச்சியே. நான் பாத்தேனே. அதெல்லாம் பொய்யா?"

"நெசமாத்தான் சிரிச்சேன்." முதல் முறையாக அவள் கண் கலங்கியது. "போறதுன்னு முடிவு பண்ணின பெறகு உங்ககூட இருக்கறது கஷ்டமா இல்ல. நீங்க நல்ல மனுஷன். அத நான் மறந்தே போயிருந்தேன்."

கோல்கீப்பரைத் திட்டியவன் எழுந்து போய்விட்டான்.

"நீங்க வேணா வீட்டுக்குப் போங்க," என்றாள். "நான் தனியா பேசிக்கிறேன். எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்கதானே."

முசெம்பி டீக்குக் காசு கொடுத்தார். "வா," என்றார். "அந்த ஆளு காத்துக்கிட்டிருப்பான்."

கரிசா வீட்டு முற்றத்தில் கார் கழுவித் துடைத்து நின்றது. பக்கத்தில் ஹாஸ்டலுக்குக் கொண்டு போகும் தகரப் பெட்டிகள் இரண்டு, நீலப் பெயிண்ட் இன்னும் காயாமல் செய்தித்தாள் மேல் கிடந்தன. கரிசாவின் மனைவி குளிர்ந்த மாம்பழச் சாறு கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, வாங்கண்ணே. ரெட்டப் பொண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா பெரிய பள்ளிக்கூடம் போகுது. என் நெலமைய நான் மறைக்கல. போன்ல அஞ்சு நாப்பது சொன்னேன்," என்றார் கரிசா.

முசெம்பி காரைச் சுற்றி நடந்தார். முன்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடிக்கு உள்ளே ஓட்டுநர் இருக்கை தெரிந்தது. அவள் அங்கே உட்கார்ந்து, பின்னால் பைகளை வைத்துக்கொண்டு, வோய் தாண்டி, நைரோபி தாண்டிப் போகிற போக்கை அவர் பார்த்தார். பேசவேண்டும் என்றுதான் இருந்தது. முடியவில்லை.

"சரிண்ணே, அஞ்சு இருபது," என்றார் கரிசா.

முசெம்பி கார் கூரையில் கை வைத்தபடி நின்றார்.

"பேட்டரி புதுசுண்ணே. ஆறு மாசம்கூட ஆகல." கரிசா தன் மனைவியைப் பார்த்தார். "அஞ்சு. அஞ்சுக்குக் கீழ என்னால..." என்று நிறுத்தி, முசெம்பியின் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாலு எண்பது வச்சுக்கங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குண்ணே. இதுக்கு மேல எறங்கினா ஒருத்திய வீட்டுலதான் நிறுத்தணும்."

அந்த ஜனவரியில் மொம்பாசாவில் எவனும் அந்தக் காரை அந்த விலைக்கு வாங்கியிருக்க முடியாது. முசெம்பி அதற்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஒரு நொடியும் நினைக்கவில்லை. மினாயோ மட்டும்தான் அவர் முகத்தில் இருந்தது என்னவென்று அறிந்தாள்.

"போதும்," என்றாள். "அஞ்சு இருபதே குடுக்குறேன். இங்க நீங்க முதல்ல எறங்கிச் சொன்னது சரியான வெலதான்."

கரிசாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். "அண்ணே சம்மதிக்கணுமேம்மா?"

"கார் என்னோடது," என்றாள் மினாயோ.

முசெம்பி தலையசைத்தார். கரிசா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உங்க மனசு யாருக்கு வரும் என்று என்னென்னவோ சொன்னார்.

வீடு வரைக்கும் மினாயோதான் ஓட்டினாள். நிதானமாக ஓட்டினாள். பாலத்தில் ஒரு மத்தாத்துக்காரன் குறுக்கே புகுந்தபோதுகூடப் பதறவில்லை. முசெம்பி பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சனிக்கிழமை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அவர் மனசுக்குள் போட்டு வைத்திருந்த பயணம் இது. அதில் அவர் நிறையப் பேசிக்கொண்டு வந்திருந்தார்.

மிகிண்டானியில் கார் வந்து நின்றதும் அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. எதிர்வீட்டு வாஃபுலா கை தட்டிக்கொண்டே வந்தார்.

"ஜனவரி, கடைசியில நீயும் மாட்டினியா? எவ்ளோக்கு அடிச்ச?"

"அஞ்சு இருபது."

"ஆறு இருபதுன்னு சொல்லிக்கிட்டிருந்த வண்டியா இது? ஒரு லட்சத்த உருவிட்டியே, பாவி." வாஃபுலா அவர் தோளில் ஓங்கித் தட்டினார். "இனி நாங்கல்லாம் உன் கால்லதான் விழணும். இன்னைக்கு யாருக்கு விருந்து?"

"மினாயோகிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு முசெம்பி மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியும் அவருக்குத் தனித்தனியாக இருந்தது.

அவள் மறுநாள் விடியலில் புறப்பட்டாள். அதிக சாமான் இல்லை. முசெம்பி கட்டிலுக்கு அடியிலிருந்து கால்மிதிகளை எடுத்து, உறையைக் கிழித்து, முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பின்சீட்டுக் கால்மிதி ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். மினாயோ பக்கத்தில் நின்று பொறுத்திருந்தாள்.

"லாரிங்கள முந்தப் போகாத. ம்டிட்டோ வரைக்கும் ரோடு நேரா இருக்கும், தூக்கம் வரும். நிறுத்தி எதாவது சாப்பிடு. பெட்ரோல இங்கயே நெரப்பிக்க, உள்ள போகப் போக வெல ஏறிக்கிட்டே போகும்."

"நேத்தே நெரப்பிட்டேன்," என்றாள். "நைரோபியில மும்புவா வீட்டுல தங்கிக்கிறேன். அவளும் ஊர் வரைக்கும் கூட வர்றா."

மகளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் இஸ்திரி போட்டு வைத்த சட்டையைத்தான் அவர் அன்றைக்கும் போட்டிருந்தார்.

"மினாயோ," என்றார். "அன்னைக்கு நான் உன்ன அனுப்பியிருக்கணும்."

அவள் கார்க் கதவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் கன்னத்தில் ஒரு கணம் கை வைத்தாள். "ஆமா," என்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

முதலிரண்டு மாதம் அவள் அடிக்கடி போன் செய்தாள். எல்லாம் காரைப் பற்றித்தான். பிரேக் போட்டால் கீச்சென்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. முசெம்பி கேட்டுக் கேட்டு விவரமாகச் சொல்வார். அந்த ஊரிலேயே அவளுக்கு ஒரு நல்ல மெக்கானிக் கிடைத்த பிறகு போன் குறைந்துபோனது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். அங்கே நல்ல மழை. கூரைத் தகரத்தில் அது விழுகிற சத்தமும், பிள்ளைகள் ஏதோ சண்டை போடுகிற சத்தமும் கேட்டன.

"நேத்து வண்டி சகதியில மாட்டிக்கிச்சு," என்றாள். "மூணு பேரும் எறங்கித் தள்ளினாங்க. சின்னவன் மூக்கு வரைக்கும் சேறு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "லீவு வருது. நான் அங்க வரட்டா?"

அவள் கதவைச் சாத்தினாள் போலிருந்தது, மழைச் சத்தம் குறைந்தது.

"வராதீங்க, மும்புவா அப்பா."

"சரி."

யாரோ ஒரு பிள்ளை அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது. வர்றேன் இரு என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு குரல் பக்கத்தில் வந்தது.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்," என்றார் முசெம்பி.

மதியம் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் இன்னும் அடுப்புப் பக்கமே போகவில்லை.